குழந்தையின் கல்லீரலில் தழும்பு: எந்தச் சோதனையை எப்போது தேர்ந்தெடுப்பது?

கல்லீரல் நோய் உள்ள குழந்தையின் தாயோ தந்தையோ மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊசி குத்திச் சதை எடுக்காமல், இரத்தத்திலேயே பார்த்துவிட முடியாதா டாக்டர்?" மும்பையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்யும் என்னிடமும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, டாக்டர் இந்தியில் சொன்னது பாதிதான் புரிந்தது, நீங்கள் ஒரு முறை பாருங்கள்" என்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நோயுற்ற கல்லீரலைப் பற்றி இரண்டு கேள்விகள் உள்ளன. என்ன நோய், ஏன் வந்தது என்பது ஒன்று. அந்த நோய் இதுவரை எவ்வளவு தழும்பை உண்டாக்கியிருக்கிறது என்பது மற்றொன்று. தழும்பைக் கணிக்கும் இரத்தக் குறியீடுகள் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே, அதுவும் தோராயமாகவே, பதில் சொல்கின்றன. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் துரத்திப் பணம் செலவழிக்கும் குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். எந்தச் சோதனை நல்லது என்பதை, இப்போது நம் முன்னால் இருக்கும் கேள்வி எது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

தழும்பு என்பது கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் முயற்சியின் விளைவு. கிருமியோ, செம்போ, கொழுப்போ, தேங்கிய பித்தமோ கல்லீரல் செல்களை ஓயாமல் காயப்படுத்தும்போது, அங்கே அமைதியாக இருந்த நட்சத்திர வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜன் என்னும் நாரை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. மெட்டாவிர் முறையில் இந்த நாரின் பரவலை எஃப்0 முதல் எஃப்4 வரை தரம் பிரிக்கிறார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறி இறுகிய நிலை. குழந்தைகளிடம் இது பெரும்பாலும் வெளியே தெரியாமலேயே முன்னேறும். பிள்ளை பள்ளிக்குப் போகும், விளையாடும், சாப்பிடும். உள்ளே நார் படிந்துகொண்டிருக்கும். அதனால்தான் இடைவிடாத கண்காணிப்பு தேவைப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தையின் விலாவுக்கு இடையே ஊசி செலுத்த எவருக்கும் மனம் வராது.

திசுப் பரிசோதனையைத்தான் இன்றும் மற்ற எல்லாச் சோதனைகளையும் அளக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அளவுகோலும் பிழையற்றதல்ல. ஊசியில் வரும் மெல்லிய துண்டு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை என்பதால், ஊசி போன இடத்தைப் பொறுத்து ஒரு தரம் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. ஒரே கண்ணாடித் தகட்டை இரண்டு நோயியல் நிபுணர்கள் வெவ்வேறாகத் தரம் பிரிப்பதும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவை. வலி வரும்; அரிதாக உள்ளே இரத்தக் கசிவும் வரும். ஆகவே ஊசியைத் தவிர்க்க விரும்பும் பெற்றோரைப் பயந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த விருப்பம் எல்லாக் குழந்தைக்கும் பொருந்துமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எல்லோருக்கும் கைக்கெட்டும் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயர் ஏப்ரி. 2003-ல் அமெரிக்காவில், ஹெபடைடிஸ் சி உள்ள பெரியவர்களிடம் உருவாக்கப்பட்டது. ஏஎஸ்டி என்னும் என்சைம், பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டும் போதும். எஸ்ஜிஓடி என்று பல ரிப்போர்ட்டுகளில் இருப்பதும் இதே ஏஎஸ்டிதான். கல்லீரல் செல் காயப்பட்டால் ஏஎஸ்டி கூடும். தழும்பு முற்றினால் கல்லீரல் வழியாகப் போகும் இரத்தத்துக்குத் தடை ஏற்பட்டு, மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் கல்லீரலில்தான் சுரக்கிறது என்பதால், கல்லீரல் நலிந்தால் உற்பத்தியும் குறையும். ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இரண்டின் விகிதம் உயர்கிறது.

கணக்கு எளிது. இந்தியாவில் பிளேட்லெட்டை லட்சத்தில் குறிக்கும் வழக்கம் இருப்பதால் இன்னும் எளிதாகிறது. ஏஎஸ்டி அளவை அந்த ரிப்போர்ட்டில் உள்ள மேல் எல்லையால் வகுக்க வேண்டும். வருவதை லட்சத்தில் உள்ள பிளேட்லெட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி 80, மேல் எல்லை 40, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் ஏப்ரி 1. பெரியவர்களில் 0.5-க்குக் கீழே இருந்தால் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்றும், 1.5-க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம் என்றும் முதலில் வகுத்தார்கள். இடைப்பட்ட அளவில் வந்தவர்கள் கணிசமானோர். அவர்களைப் பற்றி இந்த எண்ணால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குழந்தைகளின் கல்லீரல் நோய்களில் இந்த எல்லைகள் நோய்க்கு நோய் மாறுகின்றன. எனவே இந்த எல்லைகளைக் குழந்தையின் ரிப்போர்ட்டில் அப்படியே பொருத்திப் பார்த்துப் பெற்றோர் கலங்கத் தேவையில்லை.

ஏப்ரியை நான் ஆதரிக்கிறேன். அதற்குத் தனியாக இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. எப்படியும் எடுக்கும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையும் முழு இரத்த எண்ணிக்கையும் போதும், செலவும் சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் இது தழும்பை நேரடியாக அளப்பதில்லை. தழும்பின் பின்விளைவுகளை வைத்து ஊகிக்கிறது. அதே விளைவுகளை வேறு காரணங்களும் உண்டாக்கலாம், அதுவும் இந்த ஊரில் ஆண்டுதோறும்.

மும்பையின் மழைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூன்றும் மாறி மாறி வருகின்றன. மூன்றிலும் பிளேட்லெட் விழும். கல்லீரல் என்சைம்களும் ஏறலாம். டெங்கு வந்த ஒரு குழந்தைக்கு ஏஎஸ்டி 200, பிளேட்லெட் அரை லட்சம் என்றால், மேல் எல்லை 40 உள்ள கூடத்தில் ஏப்ரி 10 வரும். முற்றிய சிரோசிஸில்கூட அவ்வளவு வருவது அரிது. அந்தக் குழந்தையின் கல்லீரலில் ஒரு நார்கூட இல்லாமல் இருக்கலாம். காய்ச்சல் காலத்து ரிப்போர்ட்டை வைத்துத் தழும்பைக் கணக்கிடவே கூடாது. காய்ச்சல் தணிந்து, எண்ணிக்கைகள் பழைய நிலைக்குத் திரும்பி, சில வாரம் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். தொடர் கண்காணிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுச் சோதனையை மழைக்கு முன்போ, மழை ஓய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு நம் குழந்தைகளிடம் மிகப் பரவலானது. அது பிளேட்லெட்டை உயர்த்தும். ஏஎஸ்டி 80, மேல் எல்லை 40 என்று அப்படியே இருக்க, பிளேட்லெட் மட்டும் 5 லட்சமாகிவிட்டால் ஏப்ரி 0.4 ஆகிவிடும், 'தழும்பு இல்லை' என்ற பொய்யான நிம்மதி கிடைக்கும். கைக்குழந்தைகளுக்கு இயல்பிலேயே பிளேட்லெட்டும் ஏஎஸ்டியும் சற்றுக் கூடுதலாக இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தசை நோய்களும் இப்படிக் குழப்பும். ஏஎஸ்டியும், ரிப்போர்ட்டுகளில் எஸ்ஜிபிடி என்றும் வரும் ஏஎல்டி என்சைமும் தசையிலும் உள்ளன. டுஷேன் தசைச் சிதைவு உள்ள சிறுவர்களின் உயர்ந்த என்சைமைக் கல்லீரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அலைந்து திரிவது உலகெங்கும் நடக்கிறது. பிள்ளை அடிக்கடி விழுந்தால், படியேறச் சிரமப்பட்டால், தசை என்சைமை அளக்கும் சிபிகே என்ற ஒரே ஒரு சோதனை வழியைத் திருப்பிவிடும்.

இந்தியக் குழந்தைகளில் தனியாக நினைவில் வைக்க வேண்டிய நோய் ஒன்று இருக்கிறது. கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளம் கல்லீரலுக்கு வெளியிலேயே அடைபட்டுப் போவது அது. இந்தியாவில் குழந்தைகள் இரத்த வாந்தி எடுப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மண்ணீரல் பெரிதாகி, பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். கல்லீரல் மட்டும் ஏறக்குறைய நலமாக இருக்கும். ஏப்ரி இந்தக் குழந்தைக்குத் தழும்பு என்று கைகாட்டும். நாளத்தின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உண்மையைச் சொல்லும். பிளேட்லெட் குறைவு, மண்ணீரல் வீக்கம், ஆனால் கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமின் நன்றாக இருக்கிறது என்றால், இரத்தக் குறியீடுகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் நாளத்தைப் பார்ப்பதே முறை.

இனி, ஆய்வுக்கூடத்துக்குள் இருந்து பார்க்கிற எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். சிறு குழந்தையிடம் இரத்தம் எடுப்பது கடினம். அழும், கையை இழுக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்படி வரும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சிவப்பணுவுக்குள் உள்ள ஏஎஸ்டி வெளியே கொட்டும். ரிப்போர்ட்டில் அளவு ஏறிவிடும். இரத்தம் எடுக்கத் தாமதமானால் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் குறைவாக எண்ணும். இந்த இரண்டு தவறும் ஏப்ரியை ஒரே திசையில், மேலே தள்ளுகின்றன. ரிப்போர்ட்டின் கீழே சிறிய எழுத்தில் 'சிவப்பணு சிதைந்த இரத்த மாதிரி' என்றோ 'பிளேட்லெட் திரள்கள் காணப்பட்டன' என்றோ குறிப்பு இருந்தால், அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கூடத்துக்குக் கூடம் மேல் எல்லை மாறுவதும் அதே அளவுக்குத் தொல்லை. ஏஎஸ்டி 72, பிளேட்லெட் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேல் எல்லை 36 என்று அச்சிட்ட கூடத்தில் ஏப்ரி 1.33. மேல் எல்லை 48 என்றால் 1. குழந்தையின் கல்லீரலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே தழும்பு குறைந்ததுபோலத் தெரியும். மே மாத விடுமுறையில் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகும்போது அங்கே ஒரு சோதனை, திரும்பி வந்து இங்கே ஒன்று, பிறகு தள்ளுபடி கிடைத்த இடத்தில் ஒன்று என்று சேர்த்து வைத்த ரிப்போர்ட்டுகளை ஒப்பிட முடியாது. ஒரே கூடத்தில், ஒரே இடைவெளியில் எடுத்த சாதாரண ஏப்ரி, ஊர் ஊராக எடுத்த விலையுயர்ந்த சோதனைகளைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ஃபிப்-4. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு இது வேண்டாம். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டும் ஏஎல்டியின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்கும் சூத்திரம் இது. 2006-ல் பெரியவர்களுக்காக வந்தது. ஏஎஸ்டி 80, ஏஎல்டி 100, பிளேட்லெட் 2 லட்சம் உள்ள பத்து வயதுக் குழந்தைக்கு 0.4 வரும்; அதே அளவுகள் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு 2 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பெரியவர்களுக்குச் சொல்லும் கணிப்பான், பெரும்பாலான குழந்தைகளுக்கு 'ஆபத்தில்லை' என்றே சொல்லிவிடும். கைபேசிக் கணிப்பான்களில் பெற்றோர் தாமே எண்களைப் போட்டுப் பார்த்து நிம்மதியடைவது இதில்தான் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வயதையும் சர்க்கரை நோயையும் உடல் எடைக் குறியீட்டையும் சேர்த்துக் கணக்கிடும் பெரியவர்களுக்கான கொழுப்புக் கல்லீரல் தழும்புக் குறியீட்டுக்கும் இதே முடிவுதான்.

குழந்தைகளுக்கென்றே செய்த குறியீடுகளும் உள்ளன. கொழுப்புக் கல்லீரலுக்காக இத்தாலியில் 2009-ல் ஒன்று வந்தது: வயது, இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. 2014-ல் வந்த இன்னொன்று ஏஎல்டி, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், பிளேட்லெட், ஜிஜிடி நான்கையும் எடுத்துக்கொள்கிறது. முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் உருவாக்கிய இடத்தில் நன்றாக வேலை செய்த இவை வேறு நாட்டுக் குழந்தைகளிடம் அதே அளவுக்குத் துல்லியம் காட்டவில்லை. மெலிந்த கை கால்களோடு தொப்பை மட்டும் முன்தள்ளி நிற்கும் நம் பிள்ளைகளின் உடல்வாகுக்கு ஐரோப்பியக் குழந்தைகளின் இடுப்பு அளவை வைத்துச் செய்த சூத்திரம் எப்படிப் பொருந்தும் என்ற தயக்கம் எனக்கு உண்டு.

கொழுப்புக் கல்லீரலில் ஏப்ரியும் பலவீனமானது. தொடக்கத்தில் ஏறுவது பெரும்பாலும் ஏஎல்டிதான். பிளேட்லெட் இயல்பாகவே இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: ரிப்போர்ட்டில் ஏஎல்டியின் மேல் எல்லை 40 அல்லது 45 என்று அச்சிட்டிருப்பார்கள். வட அமெரிக்கக் குழந்தை நல நிபுணர்களின் 2017 வழிகாட்டி ஆரோக்கியமான குழந்தைகளின் எல்லையாகச் சிறுமிகளுக்கு 22, சிறுவர்களுக்கு 26 என்று எடுத்துக்கொள்கிறது. அதன் இரு மடங்கு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் காரணம் தேட வேண்டும்; 80-ஐத் தாண்டினால் இன்னும் விரைவாகத் தேட வேண்டும். அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று மாட்டுங்காவிலும் முலுண்டிலும் எத்தனை பருமனான பிள்ளைகளின் ரிப்போர்ட்டுகள் மூடி வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

இனி விலை கூடிய சோதனைகள். ஈஎல்எஃப் என்னும் சோதனை, தழும்பு உருவாகும் வேலையில் நேரடியாக ஈடுபடும் மூன்று பொருள்களை அளக்கிறது: ஹயலுரானிக் அமிலம், மூன்றாம் வகை கொலாஜன் பின்னப்படும்போது கழன்று விழும் ஒரு துண்டு, தழும்பைக் கரைக்கும் என்சைம்களைத் தடுக்கும் டிம்ப்-1 என்னும் புரதம். கொள்கையளவில் இது ஏப்ரியைவிட நேர்மையான அளவீடு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் கொழுப்புக் கல்லீரலில் முற்றிய தழும்பைக் கண்டறிய இதைப் பரிந்துரைத்து, 10.51 என்ற எல்லையை வைத்தது. குழந்தைகளிடம் ஒரு சிக்கல் எழுகிறது. வளரும் எலும்பிலும் தோலிலும் கொலாஜன் இடைவிடாமல் பின்னப்படுகிறது. கல்லீரல் நலமாக இருந்தாலும் வளர்ச்சியின் வேகத்தில், குறிப்பாகப் பருவமடையும் வயதில், அளவு ஏறுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை திடீரென்று உயரமாகும் ஆண்டில் வரும் உயர்ந்த ஈஎல்எஃப் அளவு கல்லீரலைச் சொல்கிறதா, எலும்பைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. சாப்பிட்ட பிறகு ஹயலுரானிக் அமிலம் கூடுவதும் உண்டு.

பிரான்சிலிருந்து 2001-ல் வந்த ஃபைப்ரோடெஸ்ட் வேறு வகை. ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின், ஹாப்டோகுளோபின், அப்போலிப்போபுரதம் ஏ1, ஜிஜிடி, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஐந்தையும் வயது, பாலினத்தோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் குழந்தைகளுக்கு இயல்பிலேயே பெரியவர்களைவிட அதிகம். சிவப்பணு உடையும் நோய்களில் ஹாப்டோகுளோபின் விழுந்துவிடும். கில்பர்ட் நிலையில் பிலிருபின் தீங்கின்றி ஏறியிருக்கும். தலசீமியா குழந்தைக்கும், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயில் சிவப்பணு உடையும் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கும் இந்தச் சோதனை செய்வதில் பொருளே இல்லை.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் கைப்பணத்தைச் செலவிட வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டாம் என்பேன். சிகிச்சையை மாற்றாத ஒரு எண்ணுக்காக அந்தத் தொகையைக் கொடுப்பதைவிட, அதே பணத்தில் கல்லீரல் விறைப்புச் சோதனை ஒன்றைச் செய்துவிடலாம்.

புதிய குறியீடுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஜப்பானில் வழக்கத்துக்கு வந்துவிட்ட எம்2பிபிஜிஐ என்னும் சர்க்கரை ஒட்டிய புரதம் ஒன்று. பித்தநாளம் அடைபட்ட குழந்தைகளில் தழும்போடு சேர்ந்து இதுவும் ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். மற்றொன்று எம்எம்பி-7. பிறந்த குழந்தையின் காமாலை பித்தநாள அடைப்பாலா, வேறு காரணத்தாலா என்று பிரித்துக் காட்டுவதில் இது சிறப்பாக இருப்பதை 2017 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதன் மதிப்பு தழும்பை அளப்பதைவிட நோயைக் கண்டுபிடிப்பதில்தான், அதாவது முதல் கேள்விக்கு விடை சொல்வதில்தான் இருக்கிறது. நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்கும் நாள் வந்தால் மிகவும் மகிழ்வேன்.

மேலே சொன்ன விறைப்புச் சோதனையான ஃபைப்ரோஸ்கேன் இரத்தச் சோதனை அல்ல. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதை விட முடியாது. கருவியின் முனை விலா மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டும். அந்த அதிர்வலை கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கருவி அளக்கும். திசு இறுகியிருந்தால் அலை வேகமாக ஓடும். கிலோபாஸ்கல் கணக்கில் விடை வரும். நலமான குழந்தைக்கு ஏறக்குறைய 4 முதல் 5 வரை. வலியில்லை, மயக்க மருந்து இல்லை, சில நிமிடங்களில் முடியும். போவதற்கு முன் தொலைபேசியில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: குழந்தைகளுக்கான சிறிய ஆய்வுமுனை இருக்கிறதா? மார்புச் சுற்றளவு 45 செ.மீ. வரை ஒரு முனை, 45 முதல் 75 வரை இன்னொன்று, அதற்கு மேல் பெரியவர்களுக்கானது. பெரியவர்களின் முனை மட்டும் உள்ள இடத்தில் நான்கு வயதுக் குழந்தையைப் படுக்கவைத்துப் பயனில்லை. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பத்து அளவீடுகள் எடுத்து, அவற்றுக்குள் சிதறல் அதிகமாக இருந்தால் முடிவை ஒதுக்கிவிட வேண்டும். அழுது புரளும் குழந்தையிடம் நல்ல அளவீடு கிடைக்காது. தூக்கம் வரும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

இதற்கும் குறை உண்டு. விறைப்பு கூடுவது தழும்பால் மட்டுமல்ல. வீங்கிய கல்லீரல், பித்தம் தேங்கிய கல்லீரல், இதய நோயால் இரத்தம் தேங்கிய கல்லீரல் எல்லாமே இறுகித்தான் இருக்கும். ஆனாலும் ஏப்ரியை ஏமாற்றும் காரணங்கள் சில இதை ஏமாற்றுவதில்லை. இரும்புச்சத்துக் குறைவால் பிளேட்லெட் ஏறியிருந்தாலும், மாதிரி சிதைந்திருந்தாலும், தசையிலிருந்து ஏஎஸ்டி வந்திருந்தாலும் விறைப்பு மாறாது. போர்ட்டல் நாளம் அடைபட்ட குழந்தையிலும் விறைப்பு பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோதான் இருக்கும். ஏப்ரி, விறைப்பு இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் நம்பிக்கை கூடுகிறது. வெவ்வேறு திசையைக் காட்டினால் எங்கோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று தேட வைக்கிறது. அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதை மற்ற எல்லாவற்றையும்விட மேலாகக் கருதுகிறேன்.

ஆனால் நோய்க்கு நோய் இந்த முடிவு மாறுகிறது.

பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் காமாலை நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், தழும்பை அளக்கும் எந்தச் சோதனையும் வேண்டாம். நேரடி பிலிருபினை உடனே பார்த்து, குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பித்தநாள அடைப்புக்கு ஜப்பானிய மருத்துவர் கசாய் உருவாக்கிய அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் தரும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 'பச்சிளங்குழந்தைக்குக் காமாலை வரத்தான் செய்யும், வெயிலில் காட்டு' என்று ஊரிலிருந்து பாட்டி சொல்வதைக் கேட்டு வாரங்களை இழப்பதைவிடப் பெரிய கேடு இந்த நோயில் இல்லை. ஏப்ரியும் விறைப்பு அளவும் பயன்படுவது அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். அப்போது மண்ணீரல் அளவு, அல்புமின் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் புடைத்திருக்குமா என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸில் என் ஆலோசனை நேர்மாறானது; இங்கே ஊசியைத் தவிர்க்காதீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் இந்த நோயில் தொடக்கத்தில் ஏஎஸ்டி நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கும். ஏப்ரி ஏறும், ஃபைப்ரோஸ்கேன் அளவும் ஏறும். இரண்டும் அழற்சியைக் காட்டுகின்றனவா, தழும்பைக் காட்டுகின்றனவா என்று அப்போது பிரிக்க முடியாது. ஸ்டெராய்டு தொடங்கிச் சில மாதத்தில் இரண்டும் சரசரவென்று இறங்கும். பெற்றோர் 'தழும்பு கரைந்துவிட்டது' என்று மகிழ்வார்கள். இறங்கியது பெரும்பாலும் அழற்சிதான். நோயை உறுதி செய்யவும், ஆண்டுகள் கழித்து மருந்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கவும் திசுவைப் பார்க்க வேண்டியிருக்கும். என்சைம்கள் இயல்பாக இருக்கும்போதே திசுவில் அழற்சி மிச்சமிருக்கக்கூடும். அந்த நிலையில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

வில்சன் நோயில் செம்பு கல்லீரலில் சேர்ந்து, கண்டுபிடிக்கும்போதே சிலருக்கு சிரோசிஸ் ஆகியிருக்கும். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் மருத்துவர் பார்க்கும் கருவிழி வளையம், மரபணுச் சோதனை ஆகியவைதான் இங்கே வேலை செய்கின்றன. தழும்பு எஃப்1 ஆனாலும் எஃப்4 ஆனாலும் மருந்து வாழ்நாள் முழுவதும் உண்டு. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால், தம்பி தங்கைகளுக்கும் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதற்குச் செலவிடும் பணம் எந்தத் தழும்புக் குறியீட்டுக்கும் செலவிடுவதைவிட மேலானது. மாமன் மகளை மணந்த வீடுகளில் இதை இன்னும் கவனமாகச் சொல்கிறேன்.

கொழுப்புக் கல்லீரலில் ஊசி அரிதாகவே தேவைப்படும். ஏஎல்டி பல மாதங்களாக உயர்ந்தே இருந்து, வேறு நோய்கள் இல்லை என்று உறுதியாக வேண்டியிருந்தால்தான். மற்றபடி ஆறு மாதம் எடையையும் சர்க்கரைப் பானங்களையும் கவனித்துவிட்டு மறுபடி ஏஎல்டியும் விறைப்பும் பார்ப்பது போதும். ஹெபடைடிஸ் பி உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு என்சைம்கள் இயல்பாகவும் தழும்பு மிகக் குறைவாகவும் இருக்கும். தொடர்ந்து கண்காணித்தாலே போதும். தலசீமியாவுக்காக மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் குழந்தைகளில், மண்ணீரலை அகற்றியிருந்தால் பிளேட்லெட் உச்சத்தில் இருக்கும், ஏப்ரி செல்லாது. எம்ஆர்ஐ மூலம் இரும்பை அளப்பதும் ஃபைப்ரோஸ்கேனும்தான் வழி.

பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கேஇஎம், சயான் மருத்துவமனைகளுக்கோ போகும் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. ஒரு நோட்டில் தேதி, ஏஎஸ்டி, அந்தக் கூடத்தின் மேல் எல்லை, ஏஎல்டி, பிளேட்லெட், அல்புமின் ஆகியவற்றை வரிசையாக எழுதி வாருங்கள். அந்த வாரத்தில் காய்ச்சல் இருந்ததா, இரும்பு மருந்து ஓடியதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் கத்தை கத்தையான தாள்களைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். ஒற்றை எண் எதையும் உறுதியாகச் சொல்லாது. இரண்டு ஆண்டு எண்கள் ஒரே திசையில் நகர்ந்தால் அதை மருத்துவர் அலட்சியம் செய்யமாட்டார்.

ஊசிதான் என்று முடிவானால், மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். இரத்தம் உறையும் நேரமும் பிளேட்லெட்டும் எப்போது பார்க்கப்படும்? ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்துவார்களா? பிளேட்லெட் மிகக் குறைவாக இருந்தால் விலா வழியாக இல்லாமல் கழுத்து நாளத்தின் வழியாக எடுக்க அங்கே வசதி உண்டா? எடுத்த பிறகு எத்தனை மணி நேரம் படுக்கையில் வைத்திருப்பார்கள்? வீட்டுக்குப் போன பின் வயிற்றிலோ வலது தோளிலோ வலி கூடினால் யாரை அழைப்பது? குழந்தைகளின் கல்லீரல் திசுவைப் பார்த்துப் பழகிய நோயியல் நிபுணர் அங்கே இல்லையென்றால், மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, அத்தகைய நிபுணர் உள்ள வேறு மையத்தில் மறுபடி பார்க்கச் செய்யலாம். அதற்கு இன்னொரு முறை ஊசி குத்தத் தேவையில்லை.